மலைக்கோட்டையும் ஒரு படப்பெட்டியும்

காவிரிப் பாலத்தின் நடுவே நின்று தெற்கே நோக்கினால் மலைக்கோட்டை விண்ணை முட்டி நிற்கும். வடக்கே நோக்கினால் தென்னஞ்சோலைகளுக்கு மேலே திருவரங்கத்துக் கோபுரங்கள் தோன்றும். இக்காட்சியை இன்று கைப்பேசியில் இமைப்பொழுதில் படமாக்கிக் கொள்கிறோம். 1858ஆம் ஆண்டில் இதே மலையைப் படமெடுக்க ஒருவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிதல் நலம்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னைப் படையில் அலுவலராகப் பணியாற்றியவர். 1855இல் பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய் அந்நாட்டைப் படமெடுத்துத் திரும்பினார். அத்திறமையைக் கண்ட சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. பழைய கட்டடங்களும் சிற்பங்களும் அழிந்து மறைவதற்கு முன்னே அவற்றைப் பதிவு செய்து வைத்தல் வேண்டும் என்பதே நோக்கம்.

1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே பெருங்கிளர்ச்சி இன்னும் அடங்காத காலம் அது. சேலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என நீண்டது அப்பயணம். மார்கழியும் தையும் அடுத்து வரும் பனிக்காலத்தை அவர் தேர்ந்தது பொருத்தமே. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும்; பாதைகள் உலர்ந்து வண்டி செல்ல இடந்தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலின் கொடுமை இராது. வெப்பம் மிகுந்தால் படமெடுக்கும் மருந்துகள் கெட்டுவிடும்.

அக்காலப் படப்பெட்டி ஒரு பேழை போன்றது. பெரிதாக்கும் கருவிகள் பரவாத காலமாகையால், எந்த அளவில் படம் வேண்டுமோ அந்த அளவிலேயே நெகடிவ் அமைய வேண்டும். டிரைப் பயன்படுத்திய தாள் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. தாளில் வெள்ளி உப்புகளைப் பூசி, ஒளி படாமல் காத்து, பெட்டியில் பொருத்திப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். கல்லும் மலையும் அசையாமல் நின்று படத்திற்கு உதவின. ஓடும் நீரும் ஆடும் இலையும் கலங்கித் தோன்றின. நடந்து சென்ற மனிதரோ சுவடின்றி மறைந்தனர். அப்படங்களில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு, அன்று ஊரில் மக்களே இல்லை என்று எண்ணிவிடலாகாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்மருந்து நீல ஒளியை விரைந்து பற்றும். பசுமையையும் பாறையின் பழுப்பையும் மெதுவாகவே பற்றும். பாறை தெளிவாக விழும் வரை காத்திருந்தால் வானம் வெறும் வெளுப்பாகிவிடும். ஆகவே டிரைப் நெகடிவின் மீது வண்ணம் தீட்டிச் சில படங்களில் மேகங்களைத் தாமே உண்டாக்கினார். பாறை உண்மை, அதன் மேல் மிதக்கும் மேகமோ ஓவியம்! புகைப்படம் பொய் சொல்லாது என்பார் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் அப்படங்களின் மதிப்பு குறைந்து போகவில்லை. அவர் வந்த காலத்தில் திருவரங்கத்தின் தெற்கு இராயகோபுரம் அடித்தளத்தோடு நின்ற மொட்டைக் கோபுரமே. 13 நிலைகளோடும் 236 அடி உயரத்தோடும் அது நிறைவெய்தியது 1987இல்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லில் எழுதியதைத் தாளில் படிக்கத் தந்த அருஞ்செயல் அன்றோ அது!

இத்தனையும் ஒருவர் கைவேலையன்று. வண்டியோட்டியவரும் சுமை தூக்கியவரும் தண்ணீர் கொணர்ந்தவரும் இல்லாமல் ஒரு படமும் உருவாகியிராது. சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் பயின்ற ஐயாசாமி என்பவர் டிரைப்பின் உதவியாளராக விளங்கினார். அவரைப் போன்றோரின் பெயர்கள் வரலாற்றில் அரிதாகவே கிடைக்கின்றன.

1858இல் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் முதலிய ஊர்களின் படத் தொகுதிகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டிலேயே முடிவும் வந்தது. 1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், இது அரசுக்கு ஏலாத ஆடம்பரச் செலவு எனக் கருதிப் பணியை நிறுத்திவிட்டார். டிரைப் மீண்டும் படைப்பணிக்கே சென்றார்; 1902இல் மறைந்தார். வீண்செலவு என்று கைவிடப்பட்ட அவருடைய படங்களை இன்று பெரிய அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கின்றன. செலவைக் கணக்கிடுவது எளிது. இழப்பைக் கணக்கிடுவதற்கு ஒரு தலைமுறை கழிய வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, பழைய படம் ஒன்று உங்கள் கைக்கு வருமானால், அதில் இருப்பதை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். எடுத்தவர் யார், எடுக்கச் சொன்னவர் யார், அதில் விழாமற்போனவர் யார் என்றும் கேளுங்கள். அடுத்த பனிக்காலக் காலையில் காவிரிக்கரைக்குச் சென்று, இன்றைய ஆற்றையும் மரங்களையும் மனிதரையும் நீங்களே பதிவு செய்யுங்கள். நாளும் இடமும் குறித்து வைக்க மறவாதீர்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து அதைத் தேடி ஒருவர் வரக்கூடும்.