நாஞ்சில் நாட்டில் மருந்தடிப்பவரும் மருத்துவமும்: 1958க்குப் பின்

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 37ஆவது விதி மருத்துவப் பரிசோதனை பற்றியது. ஆலையில் மருந்து தயாரிப்பவரோடு அதைத் தெளிப்பவரையும் அது சேர்த்தே பேசுகிறது. வேலையில் இறங்குமுன் மருத்துவர் பார்க்க வேண்டும், பிறகு ஆலையில் இருப்பவரைக் காலாண்டுக்கு ஒருமுறையாவது, மற்றவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், ஆர்கனோபாஸ்பரஸ் அல்லது கார்பமேட் வகை மருந்துகளை ஆலையில் கையாள்பவருக்கு மாதந்தோறும் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவைச் சோதிக்க வேண்டும். ஆனால் குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாடான தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் இன்று ஒருவர் வயலிலும் நாளை வேறொருவர் வாழைத்தோட்டத்திலும் கூலிக்கு மருந்தடிப்பவருக்குப் பரிசோதனை செய்விக்கும் பொறுப்பு யாருடையது? ஆலையை மனத்தில் வைத்து எழுதிய விதி வயல் வரப்பில் ஏறவே இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து.

இந்த விதிகளுக்கு அடிப்படையான சட்டத்தின் தோற்றம் நமக்கு மிக அருகில் நடந்த ஒரு துயரம். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இரண்டு ஆண்டுகள் நிறையுமுன், 1958இல், கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்து கேரளத்தில் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுவண் அரசு விசாரணை நடத்தியது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. மாண்டவர்கள் உணவு உண்டவர்கள். அதனால் பதிவு, உரிமம், சிப்பம் கட்டுதல், லேபிள் ஆகியவற்றில் சட்டம் கறாராக இருந்தது. தெளிப்பவரின் உடல்நலத்துக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் விளைந்த வயல்களில் உயர்விளைச்சல் நெல்லோடு தெளிப்பானும் வந்தது. பின்னர் வயல்கள் பல வாழைக்கு மாறின. தண்டுக் கூன்வண்டுக்கு வேளாண் துறையினர் பரிந்துரைத்த முறை இது: 150 மி.லி. மோனோகுரோட்டோபாசை 350 மி.லி. தண்ணீரில் கலந்து, ஊசியால் மரத்தில் 4 மி.லி. செலுத்துவது. தென்னைக்கு வேர் வழியாக ஊட்டுவார்கள். இங்கே மருந்து காற்றில் பறப்பதில்லை. செறிந்த நஞ்சைக் கையில் வைத்துக் கலப்பவரின் விரலிலும் முழங்கையிலும் படுகிறது. தோல் வழியாகவும் அது உடலில் ஏறும் என்பதை மருந்துக்கடையில் எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்?

மருத்துவப் பக்கம் குமரி பின்தங்கிய மாவட்டமல்ல. நெய்யூர் மிஷன் மருத்துவமனை 1838இல் தொடங்கியது. ஆனால் மருத்துவக் கல்லூரி என்றால் 1951இல் தொடங்கிய திருவனந்தபுரமும் 1965இல் தொடங்கிய திருநெல்வேலியுமே. குமரியின் ஆசாரிப்பள்ளத்தில் கல்லூரி வந்தது 2001இல்தான். மருத்துவமனைகள் அதிகம் கண்டது நஞ்சைக் குடித்தவர்களை. கண்மணி சுருங்கி, எச்சில் வழிந்து, வியர்த்துக் கிடப்பவருக்கு அட்ரோபின், பிராலிடாக்சிம் ஆகிய மாற்று மருந்துகளைக் கொடுப்பதில் நம் மருத்துவர்கள் தேர்ந்தார்கள். முதல் நெருக்கடி தீர்ந்தபின், நஞ்சேறிய ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும் நிலையை 1987இல் விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். தீவிர சிகிச்சை அதனால் செம்மையானது.

மாறாக, காலையில் மருந்தடித்துவிட்டு மாலையில் தலைவலி, குமட்டல், கண் மங்கல் என்று வருபவர் வெயில் அடித்ததாகவோ பித்தம் ஏறியதாகவோ எண்ணப்படுகிறார். அவரும் என்ன மருந்து அடித்தோம் என்று சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. பாட்டிலையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டுபோனால் பாதிக் குழப்பம் தீரும். மாற்று மருந்தின் பெயரும் அந்த லேபிளிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பதும் சிகிச்சையே. கோலினெஸ்டரேஸ் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், மருந்தடிக்கும் காலத்துக்கு முன்பே ஒருமுறை அளந்து வைத்தால்தான் பின்னர் குறைந்ததைத் தெளிவாக அறியலாம். வேலையில் இறங்குமுன் பார்க்கச் சொல்லும் 37ஆவது விதியின் போக்கும் ஏறக்குறைய அதுவே.

மருந்தடிப்பவருக்கு நேரும் ஆபத்து வெறும் அச்சமல்ல: அண்டைக் கேரளத்தில் 2019 ஜனவரியில் திருவல்லை அருகே பெரிங்கரையில் நெல்வயலில் மருந்தடித்த இரு தொழிலாளர்கள் இறந்தனர். தடைகள் வராமலில்லை: மோனோகுரோட்டோபாசைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாதென்று முன்பே தடை இருந்தது. 2023இல் அதன் 36 சதவீதக் கரைசலையே படிப்படியாக நிறுத்த ஆணை வந்தது. ஒரு மருந்து போனால் இன்னொன்று கடைக்கு வருகிறது. ஆகவே கன்னிப்பூவுக்கு முன்னும் கும்பப்பூவுக்கு முன்னும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தடிப்பவரின் இரத்தத்தை எடுத்து வைக்கும் வழக்கத்தை ஊராட்சியும் வேளாண் துறையும் சேர்ந்து தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.