கூபேயா, செடானா? சிறிய கார் வாங்குவோர் கவனிக்க...

இரு கதவுகளும் பின்னோக்கிச் சரியும் கூரையும் கொண்ட காரே கூபே எனப்படும். இந்தியாவில் அப்பெயரைச் சேர்த்து விற்கப்படும் டாடா கர்வ், சிட்ரோயன் பசால்ட் ஆகிய எஸ்யுவிக்களுக்கோ பின்னிருக்கைக்கும் தனிக் கதவுகள் உண்டு. சரிந்த கூரை மட்டுமே கூபேயைச் சார்ந்தது.

வரியில் வேறுபாட்டை உண்டாக்குவது நீளமாகும். 4 மீட்டருக்கு மிகாத, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். 3,995 மி.மீ. நீளமுள்ள மாருதி டிசையர் செடான் இப்பிரிவில் அடங்குகிறது. பசால்ட்டின் என்ஜினும் 1,199 சிசிதான். ஆயினும் 4,352 மி.மீ. நீளம் காரணமாக 40 சதவீத வரிக்கு உள்ளாகிறது.

டிக்கியின் கொள்ளளவில் பசால்ட் (470 லிட்டர்) டிசையரை (382 லிட்டர்) விஞ்சுகிறது. எனினும், சரிந்த கூரை உயரமானவர்களின் தலையில் இடிக்கிறதா என்பதை, அவர்களைப் பின்னிருக்கையில் அமரவைத்துப் பார்த்த பிறகே முன்பணம் செலுத்துவது நல்லது.