படையலில் சொல்லாத பேர்

போன ஆடி அமாவாசைக்கு எங்களில் ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தோம். புசல்லாவை டவுனிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தோட்டம், பழைய லயம். அம்மாயி வாழை இலையில் சோறு, சாம்பார், வடை, பாயாசம் எல்லாம் வைத்து, சூடம் கொளுத்தி, செத்துப்போனவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கும்பிட்டார். எட்டுப் பேர். சாப்பிட உட்காரும்போது பேத்தி கேட்டாள்: "அம்மாயி, ஒங்க தங்கச்சி பேர மட்டும் ஏன் சொல்றதில்ல?"

அம்மாயி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அது செத்துச்சா இருக்கான்னே தெரியாதே புள்ள. எப்புடிச் சொல்லிப் படைக்கிறது?"

கதை இதுதான். எழுபதுகளின் நடுவில் அந்தத் தங்கச்சிக்குப் புத்தி பிசகிப் போயிற்று என்றார்கள். அப்போது அவருக்கு இருபது வயதுகூட இல்லை. கோடாங்கி பார்த்தார்கள், முடிகயிறு கட்டினார்கள், கடைசியில் தொலைவில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார்கள். அம்மாயி கல்யாணமாகி இங்கேயே இருந்துவிட்டார். ரெண்டு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். அப்புறம் பிள்ளைகள், கொழுந்து, பஸ் காசு. போக்குவரத்து நின்றுபோனது. அவ்வளவுதான்.

யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. நமக்குத் தெரிந்த குடும்பங்களில் இப்படி ஒரு பேர் எப்படிக் காணாமல் போகிறது என்று தேடினோம். தேடப் போனால், அது ஒரு வீட்டுக் கதையாக மட்டும் இல்லை.

புசல்லாவை இலங்கையின் பழைய தோட்டப் பகுதிகளில் ஒன்று. 1841 இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே காப்பித் தோட்டம் போட்டு, தங்கள் சொந்தக்காரக் குடும்பத்தின் பேரில் அதை ரொத்ஸ்சைல்ட் என்று அழைத்தார்கள். இந்த மலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்த அதே காலத்தில், கொழும்பில் வெள்ளைக்கார அரசாங்கம் 'சித்தசுவாதீனம் இல்லாதவர்களை' என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தது. 1873 இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்று தோன்றினால் மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, அவரை ஆஸ்பத்திரியில் அடைக்க உத்தரவிடலாம். நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் நீதிபதியும் பொலிசும் வந்து நின்றார்கள். அந்தச் சட்டம் 1956 வரை பல தடவை திருத்தப்பட்டு, இந்த நூற்றாண்டிலும் நடைமுறையில் இருந்தது.

அடைக்கிற இடமும் கொழும்புப் பக்கம்தான். முதலில் பொரளையில், பிறகு கறுவாத் தோட்டத்தில், 1926 இலிருந்து அங்கொடையில். அங்கொடையிலும் இடம் போதாமல் பக்கத்தில் முல்லேரியாவில் இன்னொன்று. முழுத் தீவுக்கும் மனநோய் என்றால் அந்த ஒரு திசைதான். அதனால்தான் அங்கொடை என்ற ஊர்ப்பேரே ஒரு வசவாகிப் போனது. வகுப்பில் கொஞ்சம் வித்தியாசமாக ஒருத்தன் கதைத்தால், "இவன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று சிரிப்போம். நாங்களும் சிரித்திருக்கிறோம். அந்த ஊரில் சாதாரணமாக வாழ்கிறவர்களும், அந்த ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து வீடு திரும்பியவர்களும் எங்கள் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மலையகத்து ஆளுக்கு இந்தத் தூரம் இன்னும் கூடுதல். பஸ், கோச்சி, பாஷை, ஒரு நாள் பேர் விழாமல் போகிற சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலே 1948 இல் பறிபோன பிரஜாவுரிமை. 1964 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பற்றி 1974 இல் தனியாகப் பேசி, ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம். ஆட்களை ஏற்றிப் போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று நம் சனம் பேர் வைத்தது சும்மா இல்லை. கோச்சியில் ஏறினவர்களுக்காக அழுதார்கள், ஸ்டேசனில் நின்றவர்களுக்காகவும் அழுதார்கள். எங்கள் தோழியின் சின்ன அம்மாயி அந்த ரெண்டு கூட்டத்திலும் இல்லை. அவர் ஒரு வார்ட்டில் இருந்தார்.

இதில் எங்களை உறுத்துகிற விசயம் என்னன்னா, தோட்டத்தில் சாவை யாரும் தனியாகச் சுமப்பதில்லை. தப்புச் சத்தம் கேட்டதும் வேலை நிற்கும். மரணாதார சங்கம் காசு கொடுக்கும். சண்டை போட்டவன்கூட வந்து குழி வெட்டுவான். காமன் கூத்தில் மன்மதன் எரிந்துபோனதுக்கு ரதியோடு சேர்ந்து ஊரே அழும், பிறகு அவன் உயிர்த்தெழுவதைப் பார்க்க விடியவிடியக் காத்திருக்கும். துக்கத்தை ஊராகச் சேர்ந்து செய்யத் தெரிந்த சனம் நாம். அப்படிப்பட்ட நாமும் மனநோயால் போனவர்களை இந்தக் கணக்குக்கு வெளியே விட்டுவிட்டோம்.

இது நம்மிடம் மட்டும் இருக்கிற குறையும் இல்லை. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் வில்லார்ட் என்ற பெரிய மனநல ஆஸ்பத்திரி 1995 இல் மூடப்பட்டது. அப்போது மேல்மாடியில் நானூறுக்கும் மேற்பட்ட சூட்கேஸ்கள் அகப்பட்டன. உள்ளே வரும்போது கொண்டுவந்த உடுப்பு, கடிதம், போட்டோ, தையல் சாமான். சொந்தக்காரர்கள் அவற்றோடு வெளியே போகவே இல்லை. அங்குள்ள மயானத்தில் 5,700க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

அந்தக் குழிகளில் ஏறக்குறைய 1,500 ஐ வெட்டியவர் லோரன்ஸ் மோக்கா. அவரும் அங்கே ஒரு நோயாளி. 1918 இல் உள்ளே வந்தவர், 1968 இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். குடும்பம் வராத சாவுகளுக்கு அவர்தான் குழி வெட்டி மண் போட்டார். கடைசியில் அவருக்கும் ஒரு நம்பர்தான் கிடைத்தது. 2015 இல்தான் அவர் பேர் பொறித்த நினைவுப் பலகை வைத்தார்கள். மற்றவர்களின் பேரையும் வெளியிடுங்கள் என்று கேட்டபோது, நோயாளிகளின் இரகசியம் காக்கிற சட்டத்தை அரசாங்கம் காரணம் காட்டியது.

நாங்கள் இதில் ரொம்ப நேரம் விவாதித்தோம். உயிரோடு இருக்கிறவரின் நோயை ஊருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் கல்யாணம் நிற்கும், வேலை போகும். அது சரியான பாதுகாப்பு. ஆனால் செத்தவரின் கல்லிலும் பேர் இருக்கக் கூடாது என்றால், அவர் வாழ்ந்ததே வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று ஆகிவிடாதா? இரகசியம் யாரைக் காப்பாற்றுகிறது, யாரை அழிக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் ஏர்வாடியிலிருந்த அப்படியான விடுதிகள் மூடப்பட்டன, இந்திய உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. 2017 இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று எழுதியே வைத்தது.

ஏர்வாடியைச் சொன்னதும் "மூடநம்பிக்கைதான் கொன்றது" என்று முடித்துவிடுவது லேசு. எங்களுக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. தீ நடந்ததற்கு அடுத்த வருசம், 2002 இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு ஆய்வு வந்தது. ரகுராம் என்ற மனநல வைத்தியரும் கூட்டாளிகளும் தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பார்த்து எழுதியது. முத்துசாமி என்பவர் அடக்கமான இடத்தில் எழுந்த கோயில் அது. நோயாளியோடு வீட்டுக்காரர் ஒருவரும் கூடவே தங்க வேண்டும். காலையில் பூசை, பிறகு கூட்டுவது, கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மருந்து இல்லை, அடியும் இல்லை. சராசரியாக ஆறு வாரத்தில் அவர்களுடைய நோய் அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது.

இதை வைத்து மருந்தை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 31 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் அந்த ஆய்வில் இல்லை. எங்களுக்குப் பட்டது வேறு. ரெண்டு இடத்திலும் நம்பி வந்தவர்கள்தான். ஒரு இடத்தில் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனார், சங்கிலி வந்தது. இன்னொரு இடத்தில் வீட்டுக்காரர் கூடவே இருந்தார், கையில் விளக்குமாறு வந்தது. கூட ஆள் இருப்பதும், செய்ய வேலை இருப்பதும், அடங்கிப்போன ஒருவரை எல்லாரும் சேர்ந்து கும்பிடுவதும் அங்கே ஒரே நாளுக்குள் நடந்தன.

அதையே கோயில் இல்லாமல் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1940களில் நியூயோர்க்கில் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த சிலர், போக இடமில்லாமல், தங்களுக்குள் சந்திக்கத் தொடங்கினார்கள். 'நாங்கள் தனியாக இல்லை' என்பதுதான் அந்தக் குழுவின் பேர். 1948 இல் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. தோட்டத்தில் சின்ன நீரூற்று இருந்ததால் ஃபவுண்டன் ஹவுஸ் என்று அழைத்தார்கள். அங்கே வருகிறவர்கள் நோயாளிகள் இல்லை, அங்கத்தவர்கள். சமைப்பதும் கணக்கெழுதுவதும் வராதவரைத் தேடி விசாரிப்பதும் அவர்கள் வேலை. பிறகு உலகம் முழுக்க அந்த மாதிரி வீடுகள் வந்தன.

சென்னையில் 1993 இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக பேன்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். குணமாகியும் வீடு திரும்ப முடியாதவர்கள் ஆஸ்பத்திரியிலேயே கிழவியாகிப் போவதைப் பார்த்து, 2015 இலிருந்து சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து குடும்பம்போல் வாழ வழி செய்தார்கள். அங்கே ஒருத்தர் இல்லாமல் போனால் இன்னொருத்தருக்குத் தெரியும். இதைத்தான் நாங்கள் பெரிய விசயமாகப் பார்க்கிறோம். சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் நினைக்கவும் முடியும். மோக்காவுக்கு அந்த மயானம் வெறும் நம்பராக இருந்திருக்குமா?

இலங்கையிலும் நிலைமை அப்படியே இல்லை. 2005 இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, எல்லாரையும் அங்கொடைக்கு அனுப்புவதை விட்டு, மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவும் மறுவாழ்வு நிலையமும் வேண்டும் என்றது. யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் யுத்தகால அனுபவத்திலிருந்து, காயம் தனி மனுசனுக்கு மட்டும் இல்லை, சமூகத்துக்கே படுகிறது என்று எழுதினார். சாவுச் சடங்கும் ஆண்டுத் திவசமும் துக்கத்தை ஆற்றுகிற வழிகள் என்றும், உடலும் தேதியும் இல்லாதபோது துக்கம் முடியாமலே கிடக்கும் என்றும் அவர் காட்டியது வடக்குக்கு மட்டும் பொருந்தாது. எங்கள் அம்மாயியின் பதிலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவரும் அதையேதான் சொல்கிறார்.

அதனால் மலையகத்தில் ஒரு மீட்சி இல்லம் வருகிறது என்றால் கட்டில் எத்தனை, வைத்தியர் எத்தனை நாள் வருவார் என்று கேட்பதோடு நாம் நிற்கக் கூடாது. தமிழில் கதைக்க ஆள் உண்டா? வீட்டுக்காரர் தங்க இடம் உண்டா? அங்கே இருப்பவருக்குச் செய்ய ஒரு வேலை உண்டா? யாராவது இறந்தால், கூட இருந்தவர்கள் விளக்கேற்றி நாலு வார்த்தை பேச விடுவார்களா? நம்ம மரணாதார சங்கப் புத்தகத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறவரின் பேரும் இருக்குமா?

அன்றைக்குச் சாப்பிட்டு முடிந்தபின் எங்கள் தோழி விடவில்லை. "தேதி தெரியாதவங்களுக்குத்தானே அம்மாயி அமாவாசை இருக்கு" என்றாள். அம்மாயி, "உசிரோட இருந்தா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. உயிரோடிருந்தால் எழுபதைத் தொட்டிருக்கும் வயசு. இருக்கலாம். அதனால் படையலுக்கு முன்னால் தேட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஒரு பழைய துண்டு, ஒரு போட்டோ, அப்பாவின் பேர். இவ்வளவுதான் கையில் இருக்கிறது. அடுத்த மாசம் ரெண்டு பேர் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

அவர் பேரை இங்கே எழுதவில்லை. அதை எழுதுவதா வேண்டாமா என்பது அவருடையதும் அம்மாயியுடையதுமான முடிவு. ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மாயி அந்தப் பேரைச் சொன்னார். தங்கச்சி நல்லா குலவை போடுமாம், கொழுந்து மலையில் அதன் சிரிப்பு அடுத்த மலைக்குக் கேட்குமாம். பேத்தி அதுவரை அந்தப் பேரைக் கேட்டதே இல்லை.

உங்கள் வீட்டுப் படையலிலும் ஒரு பேர் விடுபட்டிருக்கலாம். கிழவிகள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.