பூட்டிய பதிவிலிருந்து திறந்த கோப்புக்கு: மும்பைக் கணினி மையங்களும் சேமிப்பகச் செயல்திறன் தரவும்

சேமிப்பகத்தின் வேகத்தை அளக்கும் வழக்கம் பழையது. அளந்ததை, இயந்திரத்தை விற்றவரின் தயவின்றி வெளியே எடுத்து, பிறர் சரிபார்க்கும்படி கொடுப்பதுதான் பிற்காலத்து மாற்றம். மும்பையின் கணினி வரலாற்றை அந்த மாற்றத்தின் வரலாறாகவும் படிக்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த டிஃப்ராக் கணினியின் ஃபெரைட் நினைவகத்தில் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்கள் அடங்கின. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். கட்டியவர்களே பக்கத்தில் இருந்தார்கள். 1964இல் அங்கு வந்த சிடிசி 3600 வெளிநாட்டிலிருந்து வாங்கிய இயந்திரம். செய்தவரும் பயன்படுத்துபவரும் அப்போது பிரிந்தார்கள்.

அந்த இடைவெளியைக் குறைத்தவை யூனிக்ஸின் சிறு கட்டளைகள். ஐஓஸ்டாட் ஒவ்வொரு வட்டின் வேலைப்பளுவையும் காட்டியது. சார் அதை நாள்தோறும் இருமக் கோப்பில் சேர்த்து வைத்தது. செபாஸ்டியன் கோதார் லினக்ஸுக்கு எழுதிய சிஸ்ஸ்டாட் தொகுப்பிலுள்ள சாட்எஃப் அந்தக் கோப்பை அரைப்புள்ளியால் பிரித்த வரிகளாகவோ ஜேசனாகவோ மாற்றித் தரும். என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் இதுதான். செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் செர்னுக்காக உருவாக்கிய கிரிட்வியூவும் இதே வழியில் வந்தது: பல நாட்டுக் கணினி மையங்களின் தரவுப் பரிமாற்றத்தை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டியது.

பெருநிறுவனங்களின் சேமிப்பகங்களில் நிலைமை வேறாக இருந்தது. இஎம்சியின் கிளாரியான் தன் அளவுகளை நார் என்ற கோப்பில் எழுதியது. அனலைசர் உரிமம் வாங்கியவர் நேவிசெக்சிஎல்ஐ கட்டளையால் அதை சிஎஸ்வியாக இறக்கிக்கொள்ள முடிந்தது. உரிமம் இல்லாதவருக்குக் கிடைத்தது மறையாக்கம் செய்த நாஸ் கோப்பு. அதை, இயந்திரத்தை விற்ற நிறுவனத்தால் மட்டுமே படிக்க முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் நடத்தை வாங்கியவருக்கே புரியாதபடி வைத்திருப்பது நியாயமில்லை.

வெளியே எடுத்த தரவும் தானாக உண்மை பேசிவிடாது. சார் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிறது. கோரிக்கைகள் சீராக வருகையில், பத்து விநாடி மட்டும் தாமதம் 200 மில்லிவிநாடிக்கு ஏறி, மீதி நேரம் 1 மில்லிவிநாடியாக இருந்தால், சராசரி சுமார் 4.3 என்றே காட்டும். பயனரைத் தவிக்கவிட்ட அந்தப் பத்து விநாடி அட்டவணையில் இருக்காது.

தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றின் மறுகரையிலுள்ள பாந்த்ரா–குர்லா வளாகத்தில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தையில் 2021 பிப்ரவரி 24 காலை 11.40க்கு வணிகம் நின்றது, மாலை 3.45க்குத்தான் மீண்டது. தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதானதையடுத்து, சேமிப்பக வலையமைப்பை சர்வர்களால் அணுக முடியாமல் போனதாகச் சந்தை விளக்கியது. இத்தகைய நிகழ்வை ஆராய்பவர் சர்வர், சேமிப்பகம், இணைப்பு மூன்றின் பதிவுகளையும் நொடி பிசகாமல் அருகருகே வைக்க வேண்டும். இங்கேதான் சறுக்கல் வரும்: சார் திரையில் உள்ளூர் நேரம் காட்டும், சாட்எஃப் எழுதும் வரிகளிலோ, தனியாகக் கேட்காவிட்டால், உலகப் பொது நேரம் இருக்கும். மும்பையின் 11.40 அதில் 06.10.