நாற்பது வயதில் நந்தனை வாசிப்பது

படிப்பை நடுவில் விட்டவர் நம் சேரிகளில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எட்டாம் வகுப்போடு அறுவடைக்குப் போனவர், பத்தாவது தேறாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறியவர், கல்லூரி விடுதியில் பட்ட அவமானம் தாங்காமல் முதல் ஆண்டிலேயே பெட்டியோடு திரும்பியவர். அப்படிப்பட்டவர் இருபது வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பம் வாங்கினால் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இனிமே படிச்சு என்ன கலெக்டர் ஆகப்போறியா?" நாங்கள் சிலரும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் தொலைதூரக் கல்வியில் வரலாறு முதுகலையில் சேர்ந்தோம். பதவி உயர்வுக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பட்டம் வேண்டும் என்று சேர்ந்தவர்கள் உண்டு. பட்டத்தின் கதை கிடக்கட்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பழைய கதையை எப்படி வாசிக்கக் கற்றோம் என்பதே இங்கே விஷயம்.

விட்ட படிப்புக்குத் திரும்புவது நமக்குப் புதிதல்ல. அண்ணல் அம்பேத்கரே அப்படித் திரும்பியவர்தான். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்த அவர், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் கிளம்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் உயர் பதவி கிடைத்தும் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் ஒரு பார்சி நண்பரின் கடனும் கைகொடுக்க, 1920இல் மறுபடி லண்டன் போனார். அப்போது அவருக்கு 29 வயது, மனைவியும் பிள்ளையும் பம்பாயில். 1923இல் முனைவர் பட்டம் வந்தது. 1946இல் மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்க ஏதுவாகக் காலை வகுப்புகள் நடத்தியது. அந்த நேர அட்டவணைக்குப் பின்னால் யாருடைய அனுபவம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், 1855இலேயே, உழைக்கும் மக்களுக்காகப் புனேயில் இரவுப் பள்ளி நடத்தினார்கள் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும். அதே புலேதான் 1873இல் 'குலாம்கிரி'யில் விஷ்ணுவின் அவதாரக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதை எழுதியவனுக்கு என்ன லாபம் என்று கேட்டார். படிக்கவைப்பதும் கேள்வி கேட்டு வாசிப்பதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன.

தமிழ்நாட்டில் இந்த இரண்டும் கலந்து கிடக்கிற ஊர் சிதம்பரம். நந்தன் வெளியே நின்ற ஊர் அது. 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனாரின் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் கட்டிய ஊரும் அதுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கிறது. அதன் தொலைதூரக் கல்வியால் பட்டம் பெற்றவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

எங்கள் வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்தி இயக்கப் பாடம் வந்தது. அதில் நந்தனாருக்கு ஒரு பத்தி: பக்தியால் சாதியைக் கடந்தவர். சத்துணவு அமைப்பாளராக வேலை செய்துகொண்டே படித்த அக்கா ஒருவர் எழுந்தார். "தீயில எறங்கினாருன்னா செத்துப்போனாருன்னுதானே சார் அர்த்தம்?" என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது. கீழத்தஞ்சைக்காரர் அவர். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட மண்ணின் பக்கத்து ஊர். தீ என்றால் அவருக்கு உருவகம் கிடையாது.

ஆசிரியர் நல்ல மனிதர். பதில் சொல்லி உட்காரவைக்காமல், "கதை எங்கெங்கே எப்படி எழுதப்பட்டிருக்குன்னு நீங்களே தேடிப் பாருங்க" என்றார். பதினெட்டு வயதில் இதே வகுப்பில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் அந்தப் பத்தியை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்திருப்போம். நாற்பதில் அப்படி முடியாது. கூலிக் கணக்கில் எத்தனை முறை ஏமாற்றப்பட்டிருக்கிறோம்! எழுதிவைத்த கணக்கு வேறு, நடந்தது வேறு என்பது நமக்குப் பாடப் புத்தகம் சொல்லித்தந்த விஷயம் அல்ல. அந்தக் கண்ணோடு நூல்களைக் காலவரிசையில் அடுக்கினோம்.

முதலில் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. திருநாளைப்போவார் அங்கே ஒரு பெயர், அவ்வளவுதான். ஊர் இல்லை, சாதி இல்லை, தீயும் இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி. ஒரே ஒரு பாட்டு. ஆதனூர் வருகிறது. அவருடைய 'புலை' நீங்கியது, தில்லை மூவாயிரவர் கைகூப்பினர், அவர் முனிவரானார் என்று வருகிறது. எப்படி நீங்கியது என்பது இல்லை. தீ இங்கேயும் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் பெரியபுராணம் பாடும்போதுதான் தீ மூட்டப்படுகிறது. தில்லை அந்தணர்கள் தெற்கு மதில் வாசலுக்கு வெளியே குழி அமைக்கிறார்கள், நந்தனார் இறங்குகிறார், பூணூலோடு எழுகிறார், உள்ளே போகிறார், அதன்பின் யாரும் பார்க்கவில்லை. ஆக, நம்பிக்கும் சேக்கிழாருக்கும் இடைப்பட்ட காலத்தில் கதைக்குள் தீ வந்திருக்கிறது. ஏன் வந்தது? கோயில்கள் நிலவுடைமையின் மையங்களாகப் பெருத்த சோழர் காலத்தில், ஒரு புலையர் புலையராகவே உள்ளே போனார் என்று எழுத முடியாமல் போனதா? இது எங்கள் ஊகம்.

அக்காவின் கேள்விக்கும் இங்கே நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நந்தன் எரித்துக் கொல்லப்பட்டார் என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். அந்தச் சந்தேகத்துக்கு முழு நியாயம் இருக்கிறது: உள்ளே போனவர் திரும்பி வரவில்லை என்று பிரதியே சொல்கிறது. ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. இந்த நூல்களை வைத்து உறுதியாகச் சொல்ல முடிவது, அவர் அப்படியே உள்ளே போவதை எழுதியவர்களால் கற்பனையில்கூட அனுமதிக்க முடியவில்லை என்பதுதான். எங்களுக்கு அதுவே போதுமான குற்றச்சாட்டாகத் தெரிகிறது.

இன்னொன்று. நந்தன் என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது, சிதம்பரம் போக விடாத வேதியப் பண்ணையார். அந்தப் பண்ணையார் பெரியபுராணத்தில் எந்த மூலையிலும் இல்லை! சேக்கிழாரின் நந்தன், பறைத் தொழிலுக்காக ஊர் விட்ட நிலத்தில் சாப்பிடுகிறவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பவர். பண்ணையாரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார், 1860களின் தொடக்கத்தில் அச்சான நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில். அதுதான் கதாகாலட்சேபமாகப் பரவியது. சினிமாவிலும் 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தார்கள். பாரதியார் சேர்த்தது பொய்தானே என்று ஒதுக்கிவிடலாமா? எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு அது சான்றாகாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சையில் பண்ணையாள் எப்படி லீவு கேட்டான், என்ன வசவு வாங்கினான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி சுலபத்தில் கிடைக்காது. ஒரு பிரதி தான் சொல்லவந்த காலத்தைப் பற்றிப் பேசாவிட்டாலும், தான் எழுதப்பட்ட காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பண்டிதர் அயோத்திதாசரிடம் வந்தபோது வேறு சிக்கல். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர், நந்தனைப் பௌத்த அரசன் என்று வாசித்தார், வேஷப் பிராமணர்களின் சூழ்ச்சியில் மாண்டவன் என்றார். கேட்கவே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் சேக்கிழாரிடம் கேட்ட கேள்விகளைப் பண்டிதரிடம் மட்டும் கேட்காமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எங்கிருந்து எடுத்தார், யாருக்காக எழுதினார்? அந்த அரசனைக் கல்வெட்டில் தேடுவதைவிட, அடிமைக் கதையைத் தலைகீழாக்கும் துணிச்சல் அந்தக் காலத்தில் எப்படி வந்தது என்று கேட்பதில்தான் அவருடைய பெருமை துலங்குகிறது. அண்ணலிடமும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1948இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலை அவர் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவரின் நினைவுக்கும் சமர்ப்பித்தார். அதன் முன்னுரையில், சான்று அறுந்த இடத்தை ஊகத்தால் இணைத்திருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார், தன் முடிவே இறுதி என்று உரிமை கோரவுமில்லை.

தேர்வில் நந்தனார் கேள்வி வரவில்லை. தேர்வு முடிந்தும் தேடல் நிற்கவில்லை. நந்தனின் அந்தப் பறை நிலம் எங்களை விடவில்லை. யார் கொடுத்தது, யார் பறித்தது? அதைப் பிடித்துக்கொண்டு இப்போது சோழர் கல்வெட்டுகளுக்குள் நுழைந்திருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த பட்டியல்களில், வரி நீக்கிய நிலங்களோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக வருகின்றன. சேக்கிழாருக்கு நூறாண்டுக்கும் முன்பே 'தீண்டா' என்ற சொல் கல்லில் ஏறிவிட்டது. வேலி, மா என்று வரும் நில அளவுகளில் நாங்கள் தடுமாறும்போதெல்லாம் கணக்குப் போட்டுத் தருவது அந்தச் சத்துணவு அக்காவின் அப்பா. இருபது மா ஒரு வேலி, நூறு குழி ஒரு மா. எழுபது வயதைத் தாண்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர், அடுத்தவர் நிலத்தை ஆயுள் முழுக்க அளந்து உழுதவர்.