குறி கேட்டலும் அடி பணிதலும்

பாவூர்ச்சத்திரம் என்னும் ஊர்ப்பெயருக்குள்ளேயே வருங்காலத்தைப் பற்றிய எண்ணம் ஒன்று உறைந்து கிடக்கிறது. இன்னார் என்று அறியப்படாத, இனிமேல் வரப்போகும் வழிப்போக்கனுக்காக முன்னரே எழுப்பி வைக்கும் கூரையன்றோ சத்திரம்! வருபவன் யார், எந்நாளில் வருவான் என்பது கட்டியவருக்குத் தெரியாது. வருவான் என்பது மட்டும் தெரியும்.

நாளை என்பதைத் தமிழர் எதிர்கொண்ட முறைகள் பல. அவற்றுள் கேட்டறிய முயல்வது மிகப் பழைமையானது. மகளின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாய் நாடும் கட்டையும் கழங்கையும் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சிக்காகக் காத்து நிற்கின்றனர். அப்போது, கட்டுண்டு வருந்தும் கன்றினிடம் ஆயர்மகள் ஒருத்தி, உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று ஆறுதல் கூறுகிறாள். அதனையே, போர்மேற்சென்ற தலைவன் மீள்வான் என்பதற்கு நன்மொழியாக அவர்கள் கொள்கின்றனர். ஆயர்மகள் பேசியது கன்றினிடம். எவர்க்கும் எதிர்காலம் உரைக்க அவள் கருதவில்லை. கேட்டவர்தம் ஏக்கமே அச்சொல்லைக் குறியாக்கிற்று.

இவ்வேக்கத்தை நாடகமாக்கிப் பாடியவர் குற்றாலத்தை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. அந்நூலில் சிங்கி வசந்தவல்லியின் கைபார்த்து உரைப்பதைக் கூர்ந்து நோக்கின் ஒன்று புலப்படும். அவள் கூறுவதில் பெரும்பகுதி நடந்து முடிந்த செய்தி: பவனி வந்த குற்றாலநாதரைக் கண்டதும், கண்டு மையல் கொண்டதும். சென்றதைச் சரியாகச் சொல்லிவிட்டால், வருவதைச் சொல்லும் முன்பே நம்பிக்கை பிறந்துவிடுகிறது. (கவிஞர்களும் இவ்வுத்தியை அறியாதவர் அல்லர்.) ஆகவே குறி என்பது பெரிதும் கேட்பவரின் நெஞ்சை அவருக்கே திருப்பிக் காட்டுவது. அதில் வருங்காலம் 'எனக்கு என்ன கிட்டும்' என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கி நிற்கிறது.

இவ்வட்டாரத்து உழவர் நிலை சற்று வேறு. குற்றாலச் சாரல் தவறாது வந்து சிற்றாறு பெருகினால் கார். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்தால் பிசானம். சாரல் பொய்த்த ஆண்டுகளும் உண்டு. கத்தரியும் தக்காளியும் நட்டவர்க்கு, பாவூர்ச்சத்திரம் சந்தையில் காய் இறங்கும் நாளில்தான் விலை தெரியும். பஞ்சாங்கம் பார்ப்பவரும் உண்டு, பாராதவரும் உண்டு. விதைப்பு மட்டும் நிற்பதில்லை.

இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட மூன்றாவது நிலையொன்று தென்காசிக் கோயிற் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு; அதன்பின் சுல்தானியர் ஆட்சி; அடுத்து விசயநகரத்தார். மதுரை கைநழுவத் தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில் வந்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 1446-இல் அவன் காசி விசுவநாதர் ஆலயத்தைத் தொடங்கினான். முன்னோர் தலைநகரையே இழந்த குடியில் பிறந்தவனுக்குக் கட்டியவை நிலைக்கும் என்ற மயக்கம் இருந்திருக்க இயலாது. அவன் பெயரால் அமைந்த கல்வெட்டுப் பாடல்கள் அதற்குச் சான்று. இவ்வாலயம் தெய்வச் செயலால் அமைந்ததேயன்றித் தன் செயலன்று என்கிறது ஒரு பாடல். இதனை மேலும் விரிவாக்கிக் காப்போர் அடிவீழ்ந்து ஏவல் செய்து பணிவதாகவும் உரைக்கிறது. மற்றொன்று இன்னும் வியப்புக்குரியது. கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால் அந்நாளில் வந்து அதனை நீக்கிப் புரப்போர் எவராயினும், அவர்களை உலகறியப் பணிந்துவிட்டதாக மன்னன் கூறுகிறான்.

முதற்பாடலின் வினைமுற்று எதிர்காலம், இரண்டாவதில் இறந்தகாலம். வணங்கப்படுவோரோ இன்னும் பிறவாதவர்! விரைவினாலும் தெளிவினாலும் காலம் மயங்கலாம் என நன்னூல் இடந்தருகிறது. ஆயினும் இதனைக் கால வழுவமைதி என்று அடக்கிவிட வேண்டுவதில்லை. வணக்கம் அன்றே நிகழ்ந்தது. பெறுவோர்தாம் பின்னர் வரவேண்டியிருந்தது. 'எவராயினும்' என்ற சொல்லில் மன்னன் தன் குலத்தையோ கொடிவழியையோ நிபந்தனையாக வைக்கவில்லை என்பதும் நோக்கற்பாலது. அறத்தை அழிப்போர்மேல் சாபம் பொறிப்பது கல்வெட்டுகளில் பெருவழக்கு. அச்சுறுத்தலுக்கு மாறாக இங்கே ஓர் அரசன் முன்பின் அறியாதவரிடம் தலைகுனிந்து கேட்கிறான்.

குறையும் வந்தது. இராசகோபுரம் முற்றுப்பெறுமுன்பே 1463-இல் மன்னன் மறைந்தான். தம்பி குலசேகர பாண்டியன் அதனை நிறைவு செய்தான். பிற்காலத்தில் அக்கோபுரம் சிதைந்து, மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. அதனைக் கண்டு வளர்ந்த தலைமுறைகளுக்கு அதுவே இயல்பான தோற்றமாகியிருக்கும். 1990-இல் ஒன்பது நிலைகளோடு புதிய கோபுரம் எழுந்து குடமுழுக்குக் கண்டது. பொருள் தந்தவர், சாரம் கட்டியவர், சுதை வடித்தவர் அனைவர்க்கும் உரிய வணக்கம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கல்லில் காத்திருந்தது. 2025 ஏப்ரலில் மீண்டும் ஒரு குடமுழுக்கு நடந்தது.