அட்டை யாருக்கு, மாத்திரை யாருக்கு?

தேர்தல் வந்தாலே மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு தொகை காதில் விழும். ஒரு லட்சம், அஞ்சு லட்சம்னு. இந்தச் சண்டைக்குள்ள எண்பது வருஷப் பழைய கேள்வி ஒண்ணு இருக்கு. அரசாங்கம் ஆஸ்பத்திரி நடத்தணுமா, இல்ல ஆஸ்பத்திரி பில்லைக் கட்டணுமா?

1943-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரெண்டு ஆய்வுகளைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளர்களுக்கான காப்பீட்டை அடார்கர் ஆராய்ந்தார். அதிலிருந்து வந்ததுதான் 1948-ன் இஎஸ்ஐ சட்டம். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளியும் கட்டுவார். சரி, ஆழ்வார்திருநகரி வயலில் நடவு நடுற அம்மாவுக்கு? அவங்களுக்குச் சம்பளச் சீட்டே கிடையாதே.

இன்னொரு ஆய்வு போர் கமிட்டி. சென்னையின் ஏ.லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். சந்தா கட்ட முடியாத ஏழைகள்தான் இங்கே அதிகம். அதனால் வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம் கொடுங்கள் என்றது அதன் 1946 அறிக்கை. அந்த அளவுக்கு நாடு என்றைக்குமே பணம் ஒதுக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரிகள் வளர்ந்தன.

அடுத்த திருப்பம் 2009 ஜூலை 23. கருணாநிதி அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு லட்சம் வரை சிகிச்சை. சந்தாவை அரசே கட்டியது. காப்பீட்டு நிறுவனம் ஸ்டார் ஹெல்த். வரிப்பணம் தனியாருக்குப் போகுதேன்னு விமர்சனம் கிளம்பியது. அதே நேரம், இதய ஆபரேஷனுக்கு நிலத்தை விற்க வேண்டியிருந்த குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ரெண்டுமே உண்மை.

2011-ல் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அந்தத் திட்டத்தை நிறுத்தி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். இந்த முறை பொதுத்துறையின் யுனைடெட் இந்தியா. 2018-ல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் இதோடு இணைந்தது, தொகை அஞ்சு லட்சம் ஆனது. ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் செலவை 60-க்கு 40 என்று பிரித்துக்கொள்வார்கள். மீதிக் குடும்பங்களுக்கு முழுச் செலவும் மாநிலத்துடையது. அப்போ அட்டையில் யார் படம், யார் பேருன்னு அடுத்த சண்டை.

இந்தச் சண்டையில் காணாமல் போறது ஒண்ணு இருக்கு. இந்த அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சுகர், பிரஷருக்குத் தினமும் போடுற மாத்திரைக்கு அது உதவாது. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்குதுன்னா, காரணம் 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற அமைப்பு. அதாவது, போர் கமிட்டி காட்டிய பாதை.

ஊர்ப்பக்கம் மாத்திரை இல்லைன்னா ஆழ்வார்திருநகரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அன்றைய கூலி போச்சு. அதுக்குப் பயந்து மாத்திரையை விட்டவங்க, சில வருஷம் கழிச்சு டயாலிசிஸுக்கு வந்து நிற்கலாம். அப்போ அட்டை செல்லும்.

அட்டை வேண்டாம்னு நான் சொல்லல. அடுத்த தேர்தலில் யாராவது பத்து லட்சம்னு சொன்னா, கை தட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: எங்க ஊர் சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு?